வீட்டிலேயே மசிப்பவர்

வீட்டிலேயே மசிப்பவர் என்று ஒரு இனம் இருக்கிறது. உங்கள் தெருவில் ஒருவராவது கட்டாயம் இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருந்தால் என் அனுதாபம்.

அடையாளம் சொல்கிறேன். பெரிய கடைக்குள் போவார். குளிர்ப்பெட்டியில் குவாக்கமோலே டப்பா அடுக்கியிருக்கும். ஒன்றைக் கையில் எடுப்பார், பின்பக்கம் திருப்புவார், பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிப்பார், மூக்கால் ஒரு சத்தம் விடுவார், செத்த எலியைப் போடுகிற மாதிரி இரண்டு விரலால் திரும்ப வைப்பார். பிறகு பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரிடம், தெரிந்தவரோ தெரியாதவரோ, சொல்லுவார்: "இதையெல்லாம் மனுஷன் தின்பானா? வீட்லயே ஃப்ரெஷ்ஷாப் பண்ணிடலாங்க. பத்து நிமிஷ வேலை."

அந்தப் பத்து நிமிஷத்தை நான் பார்த்திருக்கிறேன். சொல்கிறேன், இருங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குவாக்கமோலே என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவகாடோ என்று பச்சையாக, உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு பழம். அதைப் பிசைந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முடிந்தது. சோள சிப்ஸால் அள்ளித் தின்ன வேண்டும். நன்றாகத்தான் இருக்கும். பழத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பழம் விற்றுத்தான் நான் சோறு தின்கிறேன். முப்பது வருஷமாக ஒரே மூலையில் கடை. படிப்பு அதிகம் ஏறவில்லை. ஆனால் மனிதனின் கட்டைவிரலைப் பார்த்தே அவன் யார் என்று சொல்லிவிடுவேன்.

ஏனென்றால் இந்த இனம் கட்டைவிரலால்தான் யோசிக்கிறது. என் கடைக்கு வந்ததும் "அண்ணே, நல்லா இருக்கீங்களா" எல்லாம் கிடையாது. நேரே பழப் பெட்டிக்குப் போவார். ஒரு பழத்தை எடுப்பார், கண்ணை மூடுவார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு அமுக்கு அமுக்குவார். தலையை ஆட்டுவார். வைத்துவிடுவார். அடுத்தது. அமுக்கு. அடுத்தது. அமுக்கு. நாற்பது பழத்தை அமுக்கிவிட்டு நாற்பத்தொன்றாவதை வாங்கிக்கொண்டு போவார். மிச்ச நாற்பதும் என் தலையில். இந்தப் பழத்துக்கு ஒரு குணம்: அடித்தால் உடனே அழாது. ரெண்டு நாள் பொறுத்து, உள்ளே அந்த இடத்தில் கறுத்துப் போய்க் காட்டும். அதற்குள் அமுக்கியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். வேறு யாரோ ஒரு பாவப்பட்ட அம்மா அதை வாங்கிக்கொண்டு போய் வெட்டிப் பார்த்து, என்னை வாயார வாழ்த்துவார்.

அமுக்கவே வேண்டாம் ஐயா. காம்பு இருந்த இடத்தில் ஒரு குமிழ் மாதிரி இருக்கும், அதை நகத்தால் லேசாக நெம்புங்கள். வராவிட்டால் காய். வந்து, அடியில் பச்சையாக இருந்தால் பழம். பழுப்பாக இருந்தால் போச்சு. இவ்வளவுதான். இதைச் சொன்னால் கேட்பாரா? கேட்க மாட்டார். போன் வீடியோவில் ஒருவர், தலை தெரியாது, கை மட்டும் தெரியும், அவர் அமுக்கித்தான் பார்க்கச் சொன்னாராம். தலை இல்லாதவர் சொன்னதைக் கேட்பார். முப்பது வருஷம் பழம் விற்றவன் சொன்னதைக் கேட்க மாட்டார்.

அப்புறம் சட்டதிட்டங்கள். மிக்ஸி கூடாது. மிக்ஸியில் போட்டால் "செத்துப் போயிடும்". மரத்தை விட்டு இறங்கி மூன்று வாரம் ஆன பழம். இனிமேல் சாவதற்கு அதில் என்ன பாக்கி? கேட்கக் கூடாது. கரண்டி கூடாது, முள்கரண்டியும் ஆரம்பக்காரர்களுக்கு, கல்லுரல்தான் வேண்டும். அந்தக் கல்லுரல் பார்சலில் வந்த அன்று கொண்டுவந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிசைந்து முடித்ததும் பழத்தின் கொட்டையை நடுவில் புதைத்து வைக்க வேண்டும், அப்போதுதான் கறுக்காதாம். கொட்டைக்கு அடியில் இருக்கிற இத்தனூண்டு இடம் கறுக்காது, உண்மைதான். கொட்டையை எடுத்துவிட்டு ஒரு தட்டைக் கவிழ்த்தாலும் கறுக்காது. ஆனால் தட்டைக் கவிழ்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

பாத்திரக் கணக்கையும் கேளுங்கள். அரைக் கிண்ணம் குவாக்கமோலேக்குப் பதினொரு பாத்திரம், மூன்று கத்தி, ரெண்டு பலகை. கழுவுவது யார்? இந்த இனத்துக்குக் கை மசிப்பதற்காகப் படைக்கப்பட்டது. கழுவுவது வேறு இனம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் தங்கை வீட்டுக்காரரைச் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷர். பன்னிரண்டாவது மாடியில் நடுவழியில் நின்ற பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசி இறக்கிக் கொண்டுவருவார். அப்படிப்பட்டவரின் புத்தியை ஒரு பழம் கொண்டுபோய்விட்டது.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாக நைட் ஷிஃப்ட். இவர் காலையில் வேலைக்குப் படி இறங்கும்போது அவள் படி ஏறுவாள். "சாவி மேசைமேல", "பால் வாங்கியாச்சு", இவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலை முடிந்து நேரே என் கடைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணா, பகல் ஷிஃப்ட்ல ஒரு இடம் காலியாகுது. மூணு பேர் கேட்டிருக்கோம். தலைமை நர்ஸ்தான் முடிவு பண்ணணும்."

"போய்க் கேளு, அதுக்கென்ன?"

"வார்டுல வச்சுப் பேச முடியாது, அங்க சுவருக்கெல்லாம் காது. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டுக்கு வர்றேன்னு அவங்களே சொன்னாங்க. ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பணுமாம். பத்து நிமிஷம் அவங்ககூடத் தனியாப் பேசினாப் போதும் எனக்கு."

"நல்லதுதானே. அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "முட்டை அவிச்சு, ரொட்டி வாட்டி வச்சு, டீ போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். அவ்வளவுதான். ஆனா விருந்தாளி வர்றாங்கன்னு தெரிஞ்சா அவர் சும்மா இருப்பாரா? நீ எதுவும் சொல்லிடாதே அண்ணா."

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. எலி வாசனை பூனைக்கு எப்படித் தெரியும் என்று யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கடை வாசலில் நிற்கிறார். சட்டைக் கை மடித்திருக்கிறது. கட்டைவிரல் துடிக்கிறது.

"மச்சான், சனிக்கிழமைக்கு வீட்ல விசேஷ விருந்தாளி. ஏழு பழம் வேணும்."

"வெள்ளிக்கிழமை வாங்க மாப்பிள்ளை. பழுத்ததா நானே எடுத்து வைக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழுத்த பழத்தை வாங்கறதும், டப்பாவை வாங்கறதும் ஒண்ணுதான் மச்சான். வீட்ல, நம்ம கண்ணு முன்னாடி பழுக்கணும்."

இருப்பதிலேயே கல்லாக இருந்த ஏழு பழத்தைப் பொறுக்கினார். ஒன்றைத் தூக்கி எறிந்தால் ஜன்னல் உடையும். வீட்டுக்குக் கொண்டுபோய், காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் பேனாவால் நம்பர் போட்டு, அலமாரியில் அவருடைய சட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தார். சீக்கிரம் பழுக்கத் துணைக்கு ஒரு வாழைப்பழம். அதுவரைக்கும் குற்றமில்லை. அங்கேயே விட்டிருந்தால் சனிக்கிழமை பதமாக எழுந்து வந்திருக்கும்.

விட்டாரா? பல் துலக்கும் முன் ஒரு தடவை. துலக்கிய பின் ஒரு தடவை. வேலைக்குக் கிளம்பி, வாசல் வரை போய், சாவி மறந்த சாக்கில் திரும்பி வந்து ஒரு தடவை. மதியம் இரண்டு தெரு தள்ளி ஒரு லிஃப்டுக்கு எண்ணெய் விட வந்தவர், அப்படியே வீட்டுக்கு ஓடி வந்து, பகலில் தூங்குகிற பெண்டாட்டியை எழுப்பிவிடாமல் பூனை நடை நடந்து, அலமாரியைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, ஏழு பழத்தையும் ஒரு சுற்று அமுக்கு. தங்கை ஒருநாள் பாதித் தூக்கத்தில் கண் விழித்தால், புருஷன் இருட்டு அறையில் சட்டைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு, "நாலாம் நம்பர் இளகிடுச்சு" என்று முணுமுணுக்கிறார். பேய்ப்படம் பார்த்த மாதிரி இருந்தது என்றாள்.

சனிக்கிழமை வந்தது. என்னையும் வரச்சொல்லியிருந்தார், ருசி பார்க்க. தலைமை நர்ஸ் அஞ்சரை என்றால் அஞ்சரைக்கே வந்துவிட்டார். கனத்த உடம்பு, கட்டையாக வெட்டிய முடி, மடியில் கைப்பை. மதியம் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை என்று வந்ததும் சொன்னார். மேசையில் தங்கை வைத்த அவித்த முட்டையும் ரொட்டியும் மூடியிருந்தன. அவர் கண் அந்த மூடியின் மேலேயே இருந்தது.

"மேடம், அந்த ஷிஃப்ட் விஷயமா..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"மேடம்! இங்க வாங்க மேடம்!" சமையலறையிலிருந்து மாப்பிள்ளை குரல். "இதை நேர்ல பாக்கணும்! மச்சான், நீங்களும் வாங்க. ஏம்மா, அந்த முட்டையை உள்ள வை. இப்பத் தின்னா நாக்கு மழுங்கிடும்."

முட்டை உள்ளே போனது. தலைமை நர்ஸின் முகமும் கூடவே போனது.

சமையலறை என்று பேர். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் குளிர்ப்பெட்டியை அணைத்துக்கொள்ள வேண்டும். அணைத்துக்கொண்டது நான். மாப்பிள்ளை ஒன்றாம் நம்பரை எடுத்தார், சுற்றி வர வெட்டினார், இரண்டு கையாலும் திருகினார், புதையல் பெட்டி திறக்கிற மாதிரி மெதுவாகப் பிரித்தார்.

உள்ளே கறுப்பு. முழுக் கறுப்பு இல்லை. வட்ட வட்டமாக, மை தொட்டு வைத்த மாதிரி, வரிசையாகக் கறுப்பு.

"ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கும்" என்றார். இரண்டாம் நம்பர். வட்ட வட்டம். மூன்று. நாலு, அதுதான் இளகிய பழம், அதில் வட்டத்துக்குள் வட்டம். ஏழும் அதே லட்சணம்.

"மச்சான்," என்றார் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல், "குத்தமா நினைக்காதீங்க. ஆனா உங்க கடைச் சரக்கு முன்ன மாதிரி இல்லை."

வந்ததே எனக்குக் கோபம். அவருடைய கையைப் பிடித்தேன், கட்டைவிரலை நிமிர்த்தினேன், நாலாம் நம்பரின் மேல் ஒரு வட்டத்தில் வைத்தேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. பக்கத்து வட்டம். உட்கார்ந்தது. அதற்கும் பக்கத்து வட்டம்.

தலைமை நர்ஸ் குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல," என்றார், "ஒரே நோயாளியை அம்பது தடவை அமுக்கிப் பாத்த டாக்டரை நான் கண்டதில்லை."

வேறு மனிதராக இருந்தால் அங்கேயே சுருட்டி வைத்துவிட்டு முட்டையை வெளியே எடுத்திருப்பார். இந்த இனத்துக்குத் தோல்வி என்பது இன்னொரு பாத்திரம் எடுப்பதற்கான காரணம், அவ்வளவுதான். சின்னக் கரண்டி ஒன்றை எடுத்தார். ஏழு பழத்திலும் கறுப்பை விட்டுப் பச்சையை மட்டும், ஆபரேஷன் செய்கிற மாதிரி, சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஆறு மணி. ஆறே கால். தங்கை வெங்காயத்தை நறுக்கிக் கொடுக்கப் போனாள், "இவ்வளவு பெரிசாவா?" என்று வாங்கித் திரும்ப நறுக்கினார். கல்லுரலைத் தூக்கி மேடையில் வைத்தார். மேல் தட்டில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒருதரம் குதித்தன. பச்சை மிளகாயையும் உப்பையும் முதலில் நசுக்க வேண்டும், அது ஏன் என்று விளக்கினார். கொத்தமல்லித் தண்டை எறியக் கூடாது, அது ஏன் என்று விளக்கினார்.

"மேடம், ஆறு வருஷமா நான் நைட்..." என்றாள் தங்கை.

"ஒரு நிமிஷம்மா. மேடம், இந்த எலுமிச்சையைக் கொஞ்சம் பிடிங்க."

தலைமை நர்ஸ் எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் நூற்றுப்பத்துப் பேரை விரலசைவில் ஆட்டி வைக்கிற அம்மா ஐயா அது! அந்த அம்மாவின் வயிறு அப்போது போட்ட சத்தம் குளிர்ப்பெட்டிப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. அவர் கொட்டையை எந்த இடத்தில் புதைப்பது என்று அளந்துகொண்டிருந்தார்.

ஆறு ஐம்பதுக்குக் கிண்ணம் மேசைக்கு வந்தது. கிண்ணம் என்றா சொன்னேன்? உள்ளங்கையளவு. ஆளுக்கு நாலு சிப்ஸ். அதன் பிறகுதான் இந்த இனத்தின் உண்மையான சேட்டை தொடங்கும்: தின்ன விடாது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்கள் வாயைப் பார்க்கும். தாடை அசைவதைப் பார்க்கும். தொண்டை இறங்குவதைப் பார்க்கும்.

"எப்படி இருக்கு மேடம்?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

"நல்லா... இருக்கு."

"டப்பாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதில்ல? முதல்ல புளிப்பு வரும், அப்புறம் காரம், கடைசியா அடி நாக்குல ஒரு வெண்ணெய். வருதா? இன்னொரு தடவை மெதுவா மெல்லுங்க. இப்ப வருதா?"

"வருது" என்றார் தலைமை நர்ஸ். மணியைப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கையைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரமாகக் கழுவிக் கழுவிக் கை ஊறிப்போயிருந்தது. ஆறு வருஷத்துக்கு ஒருதடவை கிடைத்த பத்து நிமிஷம், ஏழு பழத்தோடு சேர்ந்து சுரண்டப்பட்டுப் போனது. வாசல் வரை பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன், போகாமல் எப்படி? கதவருகில் மூச்சு விடாமல் கொட்டினாள். "மேடம், எனக்கு அந்தப் பகல் ஷிஃப்ட் வேணும் மேடம். ஆறு வருஷமா நானும் அவரும் படிக்கட்டுலதான் பாத்துக்கிறோம். சாயங்காலம் ஒண்ணா உக்காந்து ஒரு டீ குடிச்சதில்ல மேடம்."

தலைமை நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "உனக்குத்தான்னு புதன்கிழமையே முடிவு பண்ணிட்டேன். அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறக்க எங்க விட்டாரு?"

தங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா இப்ப ஒரு கேள்வி கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "பகல் ஷிஃப்ட்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவே. தினமும்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் கேட்டது. "ஏம்மா! இந்த ஏழு கொட்டையையும் தண்ணில ஊற வச்சு முளைக்க விடலாம்! எட்டு வருஷத்துல நம்ம மரத்துப் பழமே வரும்! இருக்கற டம்ளரை எல்லாம் எடுத்துட்டு வா!"

தங்கை உள்ளே திரும்பிப் பார்த்தாள். தலைமை நர்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"திங்கட்கிழமை சொல்லட்டுமா மேடம்?" என்றாள்.

திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிட்டாள். தலைமை நர்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "தைரியசாலிதான் நீ" என்றாராம். இப்போது தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். டீயை அவள்தான் போடுகிறாள். அந்தப் பக்கம் அவர் வரக் கூடாது என்று ஒப்பந்தம்.

இந்தக் கதையை என் பக்கத்துக் கடை முட்டைக்காரரிடம் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தட்டிலிருந்து ரெண்டு முட்டை விழுந்து உடைந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரித்தார். "இப்படியும் இருப்பாங்களாப்பா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. அந்த வெங்காயத்தை நறுக்கினதும் ஐஸ் தண்ணில ஒரு அலசு அலசியிருந்தா எடுப்பா இருந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதான் வந்தீர்கள். தெரியும். சிரித்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில், ஒரே ஒரு நொடி, சிரிப்பை நிறுத்திவிட்டு "அது அப்படி இல்லையே, நானாக இருந்தால்..." என்று நினைத்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். வீட்டில் இருக்கிறவர்களிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இருந்தாலும் உங்கள் வாயால் ஒருதடவை கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.